மலைப்பாதையில் காரில் நாய்: எங்கே, எப்படிக் கட்டுவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். எங்கள் லேபரடார் ராக்கிக்கு மூன்று வயது, 28 கிலோ. மாதம் ஒருமுறை காரமடையில் அம்மா வீட்டுக்குச் சின்ன ஹேட்ச்பேக் காரில் போவோம். பின் சீட்டில் பத்து வயது மகளும் ராக்கியும் இருப்பார்கள். போன மாதம் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. கணவர் பிரேக் அடித்ததும் ராக்கி இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே வந்து கியர் மேல் விழுந்தது. வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தோம், ரோட்டில் குதித்து ஓடிவிட்டது. பிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எப்போதும் பாதி வழியில் வாந்தியும் எடுக்கும். கழுத்துப்பட்டையைச் சீட் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டலாமா? டிக்கியில் விடலாமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? கணவர், பிக்கப் வண்டியில் பின்னால் கட்டிக்கொண்டு போகலாம் என்கிறார்.

கால்நடை மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கழுத்துப்பட்டையைச் சீட் பெல்ட்டோடு கட்டாதீர்கள். நீங்கள் கேட்டவற்றில் இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் யாரும் சட்டென்று செய்துவிடுவது இதைத்தான். பட்டை கிடக்கும் இடத்துக்கு நேர் உள்ளே மூச்சுக்குழாய், அதற்கு மேலே கழுத்தெலும்புகளும் தண்டுவடமும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 28 கிலோ ராக்கி முன்னோக்கி இழுக்கும் இழுப்பு ஏறத்தாழ 200 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 550 கிலோவைத் தொடும். இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்றின் வழியாக அவ்வளவும் கழுத்தில் இறங்கும். மோதலே இல்லாமல், உங்கள் கணவர் அன்று அடித்தது போன்ற ஒரு பிரேக்குக்கே 20 கிலோவுக்கு மேல் கழுத்து சுண்டி இழுபடும்.

அதே கணக்கை உங்கள் மகளையும் கணவரையும் நினைத்தும் பாருங்கள். அன்று ராக்கி கியர் மேல் விழுந்தது. கணவரின் கை மேலோ, அவர் காலுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவிலோ விழுந்திருந்தால் அடுத்த வளைவில் வண்டியை நிறுத்த வழியில்லை. பிள்ளைக்கு பெல்ட் போட்டு, பக்கத்தில் 28 கிலோ நாயை அவிழ்த்து விட்டிருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு பாதிதான். ராக்கியைக் கட்டுவது மூன்று பேருக்காகவும்.

நீங்கள் எழுதிய மூன்று தொல்லைகளும், அதாவது முன்னால் விழுவது, வாந்தி, கதவு திறந்ததும் ஓடுவது, பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. நாய்க்குக் காரில் காலூன்ற இடமில்லை. நமக்குப் பிடித்துக்கொள்ளக் கை இருக்கிறது, முதுகைத் தாங்கச் சாய்மானம் இருக்கிறது. நாய் வழுக்கும் ரெக்சின் மேல் நான்கு காலில் நிற்கிறது. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் ராக்கியைப் பக்கவாட்டில் எட்டு, ஒன்பது கிலோ பாரம் தள்ளும். நகம் ரெக்சினில் பிடிக்காது. ஒரு வளைவில் இடப்பக்கம் சறுக்கும், அடுத்ததில் வலப்பக்கம். இறக்கம் வேறு, உடம்பின் எடை எப்போதும் முன்கால்கள் மேலேயே விழும். அரவேணுவிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இதே போராட்டம். தசை களைத்து, பயம் ஏறி, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பி, வயிறு புரண்டு, கடைசியில் கதவு திறந்ததும் அது தப்பித்துக் குதிக்கிறது. அடம் என்று நினைத்துத் திட்டாதீர்கள்.

இறங்கும் வண்டிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். ஆகவே கீழே போகும்போது திடீர்ப் பிரேக் உங்களுக்கு வந்தே தீரும். அதை எதிர்பார்த்தே நாயின் இடத்தை அமையுங்கள்.

முதலில் தளம். பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே கால் வைக்கும் பள்ளத்தை, ராக்கி இருக்கும் பக்கம் மட்டும் நிரப்புங்கள். மெத்தைக் கடையில் 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள். பள்ளத்தின் நீளம், அகலம், சீட் வரையுள்ள உயரம் மூன்றையும் அளந்து கொடுத்தால் வெட்டித் தருவார்கள். அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட்டியே வெட்டச் சொல்லுங்கள், இறுக்கமாக உட்கார வேண்டும். சிலர் பள்ளத்தின் மேல் பிளைவுட் பலகையை வைத்துவிடுகிறார்கள். கட்டாத பலகை மோதலில் எழும்பும், அதன் விளிம்பு கத்தி போல் வெட்டும். பலகை வேண்டாம். ஃபோமும் சீட்டும் ஒரே மட்டமான பிறகு, மேலே அடிப்பக்கம் ரப்பர் புள்ளி வைத்த மேட் ஒன்றை விரித்து, அதன் மேல் பழைய கம்பளியை நான்காக மடித்துப் போட்டு ஓரங்களைச் சீட்டின் இடுக்கில் செருகுங்கள். கம்பளியில் நகம் பிடிக்கும், வாந்தி எடுத்தால் துவைக்கவும் எளிது. மேட் இல்லாமல் வெறும் கம்பளியைப் போட்டால் கம்பளியே நாயோடு சேர்ந்து சறுக்கும்.

கிளம்பும் முந்தைய நாள் நகத்தைப் பாருங்கள். சிமென்ட் தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் நகம் நீண்டிருக்கிறது. பாதம் தட்டையாக ஊன்றாது, பிடி குறையும்.

அடுத்து ஹார்னஸ், அதாவது கழுத்தை விட்டு மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை. நடைக்குப் போட விற்கும் மெல்லிய ஹார்னஸும் காருக்கு வேண்டியதும் வேறு. நடை ஹார்னஸ் பலவற்றில் பாரம் முழுவதும் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பில்தான் நிற்கிறது. மோதலில் முதலில் உடைவது அதுதான். காருக்கு வாங்கும்போது, பட்டை ஒரே நீளமாக மார்பைச் சுற்றி முதுகில் உலோக வளையத்துக்குப் போகிறதா, பிளாஸ்டிக் கிளிப் மாட்டுவதற்கு மட்டும்தானா என்று பாருங்கள். பட்டை 4 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் வேண்டும். மார்புப் பக்கம் பஞ்சு வைத்த தகடு அகலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் பாரம் நெஞ்செலும்பு முழுக்கப் பரவும். தையல் எக்ஸ் வடிவத்தில் நெருக்கமாக ஓடியிருக்க வேண்டும். முன்பக்கம் ஒய் எழுத்து போல் இறங்கி, தொண்டையைத் தொடாமல், தோள் மூட்டின் மேல் ஏறாமல் இருப்பதே சரி. நெஞ்சின் முன்னால் வளையம் உள்ள வகை நாய் இழுத்து நடப்பதைக் குறைக்க வந்தது, காரில் அந்த வளையத்தைப் பயன்படுத்தக் கூடாது. நம் நாட்டில் நாய் ஹார்னஸுக்கு மோதல் சோதனை கட்டாயமில்லை. ‘கிராஷ் டெஸ்ட் செய்தது’ என்று அட்டையில் அச்சடித்திருந்தால், எத்தனை கிலோ எடைக்கு, எந்த வேகத்தில் சோதித்தது என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாத பொருளை அந்த ஒரு வரிக்காக அதிகப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

அளவெடுக்க, முழங்கைக்குப் பின்னால் மார்பு மிக அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். போட்ட பிறகு எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது போகக் கூடாது. பிறகு வீட்டு வாசலில் ஒரு சோதனை செய்யுங்கள். வளையத்தில் கயிறு மாட்டி, நீங்கள் முன்னால் நின்று மெதுவாக இழுத்து ராக்கியைப் பின்வாங்க விடுங்கள். பயந்த நாய் முன்னால் இழுத்துத் தப்பிப்பதில்லை, பின்னால் போய்த் தலையை உருவிக்கொள்ளும். உருவ முடிந்தால் மார்புப் பட்டையை ஒரு துளை இறுக்கி மறுபடி பாருங்கள்.

ஹார்னஸை எதில் மாட்டுவது? கடைகளில் சீட் பெல்ட் பக்கிளில் செருகும் நாக்கு வைத்த குட்டைக் கயிறு கிடைக்கிறது. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நாய் திரும்பிப் படுக்கும்போது பாதம் பக்கிளின் சிவப்புப் பொத்தானில் பட்டு அவிழ்ந்துவிடுகிறது, நீங்கள் முன்னால் இருந்து பார்த்தால் கட்டியிருப்பது போலவே தெரியும். சிலவற்றின் நாக்கு மட்டமான வார்ப்பு உலோகம். ரப்பர் போல் நீளும் வகையோ, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாயை முன் சீட்டின் முதுகு வரை கொண்டுபோய் அடிக்கும்.

உங்கள் கார் சமீபத்தியது என்றால், பின் சீட்டின் சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். குழந்தை இருக்கை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கும். அது கார் உடலோடு பற்ற வைத்த இரும்பு. மலையேற்றப் பொருட்கள் விற்கும் கடையில் காரபினர் என்கிற திருகுப்பூட்டுக் கொக்கி கிடைக்கும். உண்மையானதில் 22 கிலோ நியூட்டன் போல அது தாங்கும் பாரம் பொறித்திருக்கும், அதாவது இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். சாவிக்கொத்துக்கு விற்கும் அதே வடிவக் கொக்கியில் அந்த எண் இராது, அது கையால் வளையும். கம்பியில் ஒரு காரபினர், ஹார்னஸ் வளையத்தில் ஒன்று, நடுவில் சீட் பெல்ட் அளவு அகலமுள்ள நைலான் பட்டை. ஐசோஃபிக்ஸ் இல்லாத கார் என்றால், காரின் சீட் பெல்ட்டையே ஹார்னஸின் முதுகில் இருக்கும் பட்டைக் காதுக்குள் நுழைத்துப் பக்கிளில் மாட்டுங்கள். பெல்ட் மெதுவாக இழுத்தால் நீளும், நாய் சுற்றிச் சுற்றித் திரும்பினால் உடம்பில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே கிளம்பிய முதல் சில நிமிடங்கள் யாராவது கவனிக்க வேண்டும்.

பட்டையின் நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பாவம் என்று நீளமாக விடுகிறார்கள். ராக்கி உட்காரலாம், படுக்கலாம், ஒருமுறை திரும்பலாம். முன்கால் சீட் விளிம்பைத் தாண்டக் கூடாது, மூக்கு முன் சீட்டைத் தொடக் கூடாது, பிள்ளையின் மடிக்கு வரக் கூடாது. பெரிய லேபரடாருக்குக் கம்பியிலிருந்து முதுகு வளையம் வரை 35 முதல் 40 சென்டிமீட்டரில் தொடங்கி, வண்டியை நிறுத்தி வைத்து உட்கார வைத்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பட்டை குட்டையாக இருக்கும்போது நாய்க்குத் தாங்கல் கிடைக்கிறது, வளைவில் சாய்ந்தால் பட்டை பிடித்துக்கொள்கிறது. பல நாய்கள் சில முறைக்குப் பிறகு தாமாகவே படுத்துவிடும். லேபரடார் பட்டையைக் கடிக்கும். பாதி கடித்த நைலான், பாரத்தில் அந்த இடத்தில்தான் அறும். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்து, நூல் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். முடிச்சுப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம்.

இருக்கை அமைப்பு: ராக்கி இடப்பக்கம், அதாவது முன் பயணி சீட்டுக்குப் பின்னால். மகள் ஓட்டுநருக்குப் பின்னால், தன் பெல்ட்டோடு. நாயை ரோட்டின் ஓரப்பக்கம் இறக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி. வலப்பக்கக் கதவில் சைல்டு லாக் போடுங்கள், மகளும் இடப்பக்கம் வழியாகவே, ராக்கிக்குப் பிறகு இறங்கட்டும். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது எந்த நாய்க்கும் கூடாது, பொமரேனியனாக இருந்தாலும். ஏர்பேக் வெடித்து வரும் வேகத்துக்கு மடியில் இருக்கும் நாய் தாங்காது.

ஜன்னல் கண்ணாடியை நான்கு விரல் மட்டும் இறக்கி, பவர் விண்டோவை ஓட்டுநர் பக்கம் பூட்டிவிடுங்கள். பாதம் சுவிட்சில் பட்டுக் கண்ணாடி இறங்கும், ஏறும்போது கழுத்து மாட்டவும் செய்யும். தலையை வெளியே நீட்டினால், குறுகின இடத்தில் பஸ் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஓரத்துப் புதரின் கிளை கண்ணில் அடித்துக் கருவிழி கிழிவதும் நடக்கும்.

இனி கதவு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கால் மணி நேரம்தான். பாதுகாப்பாக வந்து சேர்ந்த நாய்கள் கதவு திறக்கும் நொடியில்தான் வண்டியில் அடிபடுகின்றன. ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், அதை ஒருபோதும் மாற்றாதீர்கள். வண்டி நின்றதும் கியரில் விட்டு ஹேண்ட் பிரேக் போட வேண்டும். கதவுகள் எல்லாம் மூடியிருக்கும்போதே உள்ளே இருக்கும் ஒருவர் நடைக்கயிற்றை ஹார்னஸின் வளையத்தில் மாட்டி, கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகே இடக்கதவு திறக்கும். திறந்தவர் கதவடியில் நின்று வழியை மறைத்து, கயிற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கார்ப் பட்டையின் கொக்கியைக் கழற்றுவது. ஒரு நொடிகூட ராக்கி எதிலும் மாட்டாமல் இருக்கக் கூடாது. ஏறும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்.

இதோடு ‘இரு’ என்ற சொல்லுக்குக் கதவு திறந்தும் உட்கார்ந்திருக்கப் பழக்குங்கள். வீட்டு வாசலில் நிறுத்திய காரில் கதவை ஒரு சாண் திறந்து, எழுந்தால் மூடி, உட்கார்ந்திருந்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்து, மெல்ல மெல்லக் கதவை முழுவதும் திறக்கும் வரை வாருங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். கழுத்துப்பட்டை வேண்டாம் என்று சொன்னது கட்டுவதற்கு மட்டும்தான். உங்கள் இரண்டு கைபேசி எண்களும் பொறித்த தகட்டோடு அது கழுத்தில் இருக்கட்டும். தப்பித் தவறி மறுபடி ஓடினால் பின்னால் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். தரையில் குந்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காரின் கதவைத் திறந்து வைத்து, தீனிப் பொட்டலத்தைச் சலசலக்கச் செய்யுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அரவேணுவைத் தாண்டினால் மேட்டுப்பாளையம் ஊருக்குள் நுழையும் வரை நாயைக் கீழே இறக்காதீர்கள். மாமரம், முள்ளூர், குஞ்சப்பனைப் பகுதியில் பலா பழுக்கும் மாதங்களில் யானைகள் ரோட்டோரம் வரை வருகின்றன. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல், கண்ணாடிகளை முழுதும் ஏற்றிவிடுங்கள். ராக்கி குரைக்கத் தொடங்கினால் அதன் பக்கக் கண்ணாடியைத் துண்டால் மறைத்து, கையால் சிறுசிறு துண்டாகத் தீனி கொடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் மணிக்கணக்கில் நிற்க நேரும். 28 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ஸ்டீல் தூக்கில் கொண்டுபோங்கள்.

வாந்திக்கு வருகிறேன். காலை 7 மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் முந்தைய இரவு 8 மணிக்குள் சோறு போட்டுவிடுங்கள், காலையில் உணவு வேண்டாம். தண்ணீர் கடைசி வரை குடிக்கலாம். குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்களுக்கும் இந்தப் பட்டினி கூடாது. வாந்தி திடீரென்று வருவதில்லை. உதட்டை நக்குவது, அடிக்கடி விழுங்குவது, கொட்டாவி, ஒழுகும் எச்சில் என்று அது முன்னாலேயே சொல்லும். எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், மருந்தை முடிவு செய்ய அது உதவும். ஓட்டுவதிலும் பாதி மருந்து இருக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியருக்கு வந்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராகத் திரும்பட்டும். வளைவின் நடுவில் அழுத்தும் பிரேக், நாயை முன்னாலும் பக்கத்திலும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது. கம்பளியும் குட்டைப் பட்டையும் போட்டு இரண்டு முறை இப்படிப் போய்ப் பாருங்கள். சில நாய்களுக்கு வாந்தி அதிலேயே நின்றுவிடும்.

நிற்காவிட்டால் மருந்து உண்டு. மாரோபிடன்ட் மாத்திரை பயணத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு, ஒரு வாய் உணவோடு கொடுப்பது. சாதாரண வாந்திக்கு அதன் அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம், பயண வாந்திக்கு 8 மில்லிகிராம். நான்கு மடங்கு வித்தியாசம் இருப்பதால் பழைய சீட்டை வைத்து நீங்களே கொடுக்க வேண்டாம். ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து உங்கள் மருத்துவர் எழுதட்டும். நமக்கு பஸ்ஸில் போட்டுக்கொள்ளும் வாந்தி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் மலையில் இருக்கிறது, அதுவும் வேண்டாம்.

தூக்க மாத்திரைக்கு என் பதில், இல்லை. அசிப்ரோமசைன் வகை மருந்து நாயை அசையாமல் கிடக்க வைக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பயத்தை அவ்வளவாகக் குறைக்காது. இரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு தன் சூட்டைக் கட்டுப்படுத்தும் திறனைக் கெடுக்கும். மலைக்குளிரிலிருந்து ஒரு மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்து வெயிலுக்கு இறங்குகிற நாய்க்கு அந்தத் திறன்தான் அப்போது அவசரமாகத் தேவை. போதையில் காலூன்றவும் முடியாது, வளைவில் மூட்டை போல் உருளும்.

மருந்தைவிட நன்றாக வேலை செய்வது பழக்கம். ராக்கிக்கு இப்போது கார் என்றாலே குமட்டல் என்று மனதில் பதிந்திருக்கும். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் சில நாள் நிற்கும் காரில், கதவு திறந்த நிலையில், தன் கம்பளியின் மேல் சாப்பாடு. பிறகு ஹார்னஸ் மாட்டிப் படுக்க வைத்து, இன்ஜின் ஓட, வண்டி நகராமல் சில நிமிடம். அடுத்து தெருமுனை வரை போய்த் திரும்புவது. அதற்கடுத்து கோத்தகிரி பஜார் வரை, அங்கே இறங்கிச் சற்று நடந்துவிட்டுத் திரும்புவது. எந்தக் கட்டத்தில் எச்சில் ஒழுகுகிறதோ, அதற்கு முந்தைய கட்டத்துக்கு இரண்டு நாள் போய்விட்டு வாருங்கள். அவசரப்பட்டு நேரே குஞ்சப்பனை இறக்கத்துக்குப் போனால் முன்னர்ப் பழக்கியதெல்லாம் வீணாகும்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலையில் வளர்ந்த அடர்முடி நாய்க்கு அது பெரிய ஆபத்து. மூடிய காரில் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அளந்து 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, வெளியே 22 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக இன்னும் 22 டிகிரி கூடுகிறது என்று காட்டியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பலனில்லை. கோத்தகிரி குளிர்தானே என்று வெயிலில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்த எண் தெரிய வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ஐந்து நிமிடம்கூட விட வேண்டாம். நாக்கு அகலமாகத் தொங்கி, மூச்சு இரைச்சலாகி, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. அங்கேயே நிழலில் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். சில நிமிடம் குளிர்வித்த பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

இனி ஒருமுறை மோசமாக விழ நேர்ந்தால், எழுந்து வாலை ஆட்டுகிறது என்பதை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். ஈறு வெளிறுவது, படுத்திருக்கும்போதும் மூச்சு வேகமாக இருப்பது, வயிற்றைத் தொட்டால் இறுக்குவது, படுக்க மறுத்து உட்கார்ந்தே இருப்பது ஆகியவற்றை மூன்று நாள் கவனியுங்கள். அடிபட்ட நாயின் உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை, கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தால், அன்று நன்றாக இருந்துவிட்டு மறுநாளோ அதற்குப் பிறகோ மூச்சு முட்டத் தொடங்கலாம்.

டிக்கி: ஹேட்ச்பேக்கில் வேண்டாம். பின்னால் ஒரு வண்டி இடித்தால் நசுங்கும் இடம் அது, ஏசி காற்றும் சரியாகப் போகாது. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே இரும்புத் தடுப்பு போட்ட பெரிய வண்டி என்றால், கூண்டோடு வைக்கலாம். கூண்டு பின் சீட்டின் முதுகை ஒட்டி, தரையிலுள்ள கொக்கிகளில் ராட்செட் பெல்ட்டால், அதாவது பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டையால், கட்டியிருக்க வேண்டும். ரப்பர் கயிறு வேண்டாம், அது நீண்டு கொடுத்துக் கூண்டை எறியும். இரண்டு பாதியாகப் பூட்டும் பிளாஸ்டிக் கூண்டு வாங்கினால் அதன் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குப் பதில் எல்லாத் துளையிலும் போல்ட்டும் நட்டும் போடுங்கள். நாய் நின்று, திரும்பி, படுக்க இடமிருந்தால் போதும். தாராளமாக இடமிருக்கும் கூண்டுக்குள் அது வீசியெறியப்படும்.

பிக்கப்: உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். திறந்த பின்பகுதியில் கழுத்தில் கட்டிக்கொண்டு போவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். கயிறு நீளமாக இருந்தால் நாய் பக்கப்பலகையைத் தாண்டிக் குதித்து வெளியே தொங்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. குட்டையாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் தூக்குப் போடுவது போல் இழுக்கும். வெயிலில் இரும்புத் தளம் பாதத்தைச் சுடும். வலியும் துன்பமும் தரும் விதத்தில் மிருகத்தை வண்டியில் ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. வேறு வழியே இல்லாத நாளில், பற்ற வைத்த இரும்புக் கூண்டை ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி வைத்து, நான்கு மூலையையும் வண்டியின் கயிற்றுக் கொக்கிகளில் ராட்செட் பெல்ட்டால் இறுக்குங்கள். உள்ளே அதே ரப்பர் மேட்டும் கம்பளியும் போடுங்கள். தார்ப்பாயை மேலேயும் முன்பக்கமும் மட்டும் போர்த்தி, இரு பக்கமும் காற்றுக்கு விடுங்கள். காய்கறி மூட்டை ஏற்றும் நாளில் ராக்கியை ஏற்ற வேண்டாம். இறக்கத்தில் பிரேக் அடித்தால் அத்தனை மூட்டையும் முன்னால் சரிந்து கூண்டின் மேல்தான் வரும்.